சென்டெனியல், மே 2021: இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே இருந்த 700 அடி ஏன் போதவில்லை?

வடகாற்று எழுதியது:

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்குத் தெற்கே உள்ள சென்டெனியல் விமான நிலையத்துக்கு அருகே 2021 மே 12ஆம் தேதி காலை இரண்டு சிறு விமானங்கள் வானில் மோதிக்கொண்டன. இந்தக் குழுவில் அதன் படங்களைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள், ஆனால் வியப்போடு பேச்சு நின்றுவிட்டது. காரணங்களைப் பேசலாம் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஒற்றை எந்திரம் கொண்ட சிர்ரஸ் எஸ்ஆர்22. அதில் விமானியும் ஒரு பயணியும் இருந்தார்கள். மற்றொன்று, இரட்டை எந்திரம் கொண்ட ஸ்வேரிங்கன் மெட்ரோலைனர் என்னும் சரக்கு விமானம்; அதை ஒரே ஒரு விமானி ஓட்டி வந்தார். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இணையாக உள்ள இரண்டு ஓடுபாதைகளில், சிர்ரஸுக்கு 17 வலது ஓடுபாதையும் மெட்ரோலைனருக்கு 17 இடது ஓடுபாதையும் ஒதுக்கப்பட்டிருந்தன. சிர்ரஸ் தன் ஓடுபாதைக்கு நேராக வானில் வந்து சேர வேண்டிய கோட்டைத் தாண்டிச் சென்று, பக்கத்துக் கோட்டில் இறங்கிக்கொண்டிருந்த மெட்ரோலைனரின் உடற்பகுதியைக் கிழித்துக்கொண்டு போனது. சிர்ரஸ் விமானி விமானத்துக்கே உரிய பாராசூட்டை இழுத்துவிட, அது செர்ரி கிரீக் ஏரிப் பக்கம் மெதுவாக இறங்கியது. மெட்ரோலைனரின் பின்பகுதிக் கூரை பிய்ந்து உள்ளிருக்கும் சரக்கு அறை வெளியே தெரிந்த நிலையிலும் வால் விழவில்லை. அதன் விமானி, வலது எந்திரம் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று வானொலியில் சொல்லிவிட்டு, நேராக வந்து 17 இடதில் இறங்கிவிட்டார். மூவரில் எவருக்கும் காயமில்லை.

எல்லோரும் பாராசூட்டையும் அந்த வாலையும்தான் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. தெளிந்த வானம், இயங்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம், வானொலியில் பேசிக்கொண்டிருந்த விமானிகள் என எல்லாம் இருந்தும் இது எப்படி நடந்தது?

ஓடுபாதை ஓரம் எழுதியது:

நண்பரே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கோபுரத்திலிருந்தவர் சிர்ரஸ் விமானியிடம் பக்கத்து ஓடுபாதைக்கு ஒரு மெட்ரோலைனர் வருகிறது என்று சொன்னார். விமானி, பார்த்துவிட்டேன் என்று பதில் சொன்னார். 17 வலதின் கோட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்றும் கோபுரத்திலிருந்தவர் எச்சரித்தார். அத்தனைக்குப் பிறகும் விமானி தாண்டினார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் இறுதி அறிக்கையும், ஒதுக்கப்பட்ட ஓடுபாதைக்கான கோட்டில் அவர் நிற்கத் தவறியதையே காரணமாகச் சொல்கிறது. தவறு யாருடையது என்பது வெளிச்சம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓடுபாதை ஓரம் ஐயா சொல்வது பொய்யில்லை, ஆனால் அந்த அறிக்கையின் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டார். அதே அறிக்கை துணைக் காரணங்களாக இரண்டைச் சேர்க்கிறது: பரிந்துரைக்கப்பட்டதைவிட அதிக வேகத்தில் சிர்ரஸ் வந்ததால் அதன் திரும்பு வட்டம் பெரிதானது ஒன்று, மெட்ரோலைனர் விமானிக்கு சிர்ரஸ் இருக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டாளர் சொல்லாமல் விட்டது மற்றொன்று. இரண்டாவதைக் கோபுரத்தைப் பற்றி அறிந்தவர்கள் பேசட்டும். முதலாவதை நான் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் "அதிக வேகம்" என்று மட்டும் படித்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மனத்தில் தைப்பதில்லை.

விமானம் சாய்ந்து திரும்பும்போது, வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 30 பாகை சாய்வில் 95 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் திரும்பினால் ஆரம் சுமார் 420 மீட்டர். அதே சாய்வில் 140 நாட் வேகத்தில் திரும்பினால் சுமார் 915 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. வித்தியாசம் ஏறத்தாழ 495 மீட்டர், அதாவது 1,600 அடிக்கும் மேல். சென்டெனியலின் இரண்டு இணை ஓடுபாதைகளுக்கும் நடுவே, மையக்கோட்டிலிருந்து மையக்கோடு வரை, இருப்பதோ சுமார் 700 அடி. மெதுவாக வரும்போது எந்த இடத்தில் திரும்பத் தொடங்கினால் சரியாக 17 வலதின் கோட்டில் போய் நிற்போமோ, அதே இடத்தில் வேகமாக வந்து திரும்பத் தொடங்கினால், 17 இடதின் கோட்டையும் தாண்டி இன்னும் 900 அடி தள்ளிப் போய்த்தான் நிற்போம்.

இதில் உயரமும் சேர்கிறது. சென்டெனியல் கடல் மட்டத்திலிருந்து 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானியில் 95 நாட் காட்டும்போதே உண்மையான வேகம் 100 நாட்டைத் தாண்டியிருக்கும். கடற்கரைப் பக்கம் பயின்றவர் அங்கே போய்க் கண்ணாலும் கையாலும் மட்டும் அளந்து திரும்பினால், ஒரு தவறும் செய்யாமலேயே வட்டம் கொஞ்சம் அகன்றுவிடும்.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். 140 நாட் என்பது விநாடிக்கு சுமார் 236 அடி. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குக் குறுக்காகப் போக அந்த வேகத்தில் மூன்று விநாடி போதும்.

மலையடிவாரம் எழுதியது:

நான் இன்னும் பயிற்சியில் இருப்பவள். ஆகையால் பெரியவர்கள் பேசும் இடத்தில் ஓரமாக நின்று ஒன்று சொல்கிறேன். எனக்கும் இதேபோல ஒன்று நடக்கப் பார்த்தது. பள்ளியின் பெயரும் விமான நிலையத்தின் பெயரும் வேண்டாம். இணை ஓடுபாதைகள் உள்ள இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்ட் பகுதியில் இருந்தேன். எனக்குப் பின்னால் வேகமான விமானம் ஒன்று வருவதால் வேகத்தைக் குறைக்காமல் வரும்படி சொன்னார்கள். நானும் 110 நாட்டில் வந்தேன். ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறந்து நெருங்கும் பேஸ் பகுதிக்குத் திரும்பினேன். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது மறந்தே போனது. கண் முழுவதும் ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண்ணிலேயே இருந்தது, அது முன்கண்ணாடியில் வழக்கத்தைவிட விரைவாக நகர்கிறது என்று தெரிந்தது, அது ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. திடீரென்று பக்கத்திலிருந்த பயிற்றுநர் ஒரு வார்த்தையும் பேசாமல் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்துத் திருகினார். இடது பக்கம் பார்த்தபோது மற்றொரு விமானம் எங்களோடு சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சக்கரத்து வெள்ளை மூடியில் ஒட்டியிருந்த காய்ந்த புல் வரை தெரிந்தது. இன்றும் எனக்கு அந்த விமானத்தின் நிறம் நினைவில்லை, புல்தான் நினைவிருக்கிறது.

இறங்கிய பிறகு பயிற்றுநர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் தாண்டினாய்?" என்பதல்ல. "டவுன்விண்டில் உன் வேகம் என்ன?" என்பதுதான். நாசா நடத்தும் தன்னார்வ அறிக்கை முறைக்கு அன்றே எழுதி அனுப்பினோம். அந்த மற்ற விமானத்தின் விமானி எங்களைக் கடைசி வரை பார்க்கவேயில்லை என்று பிறகு சொன்னார்.

வடகாற்று எழுதியது:

நன்றி சகோதரி, நீங்கள் ஓரமாக நிற்க வேண்டியவரே இல்லை. கணக்குப்பிள்ளையின் எண்களும் உங்கள் அனுபவமும் ஒன்றையே சொல்கின்றன: கோட்டைத் தாண்டும் தவறு, தாண்டும் இடத்தில் நடப்பதில்லை, அதற்கு ஒரு நிமிடம் முன்னதாக, வேகமானியைப் பார்க்காத நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு இன்னொரு குழப்பம் இருக்கிறது. சிர்ரஸ் விமானி மெட்ரோலைனரைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பார்த்த ஒன்றின் மேல் எப்படிப் போய் மோதுவது? அவருக்கு முன்னே அதே ஓடுபாதைக்கு செஸ்னா என்னும் இன்னொரு சிறு விமானமும் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டை எந்திரம் எழுதியது:

"பார்த்துவிட்டேன்" என்பது வானொலியில் நாம் மிக மலிவாகச் செலவழிக்கும் சொல். அது அந்த விநாடிக்கு மட்டுமே உண்மை. அடுத்த விநாடி கண் வேகமானிக்கும் ஓடுபாதைக்கும் முன்னே போகும் செஸ்னாவுக்கும் போய்விடுகிறது. திரும்பிப் பார்க்கும்போது அந்த இடத்தில் விமானம் இருக்கிறதா, அது அதே விமானம்தானா என்று யாரும் மறுபடி கேட்பதில்லை.

இதற்கு மேல் இறக்கை வேறு. சிர்ரஸ் தாழ்வான இறக்கை கொண்டது. 17 வலதுக்கு அவர் மேற்குப் பக்கத்திலிருந்து வந்தார். கிழக்கு நோக்கிப் பறந்து, வலப்புறம் சாய்ந்து தெற்கே திரும்ப வேண்டும். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் மெட்ரோலைனர் அப்போது அவருடைய இடப்புறம். வலப்புறம் சாயும்போது இடது இறக்கை மேலே எழும்பி, பார்க்க வேண்டிய அந்தப் பக்கத்துத் தொடுவானத்தை அப்படியே மறைத்துவிடும். செஸ்னாவைப் போல மேல் இறக்கை கொண்ட விமானமாக இருந்தால் தாழும் வலது இறக்கை உள்பக்கத்தை மறைக்கும். எப்படியானாலும் திரும்பும்போது பாதி வானம் நமக்கு இல்லை. மெட்ரோலைனர் பக்கத்திலும் அதே கதைதான்: தனி ஆளாக இடது இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு, வலப்புறத்திலிருந்து நெருங்கும் ஒன்றைப் பார்ப்பது எளிதல்ல.

மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராது என்பதையும் மறக்க வேண்டாம். நகராத புள்ளியைக் கண் எளிதில் கண்டுகொள்ளாது. கண்டு, இன்னதென்று புரிந்து, கை அசைத்து, விமானம் திரும்புவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டல் சொல்கிறது. கணக்குப்பிள்ளை சொன்ன மூன்று விநாடியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோபுரத்து ஜன்னல் எழுதியது:

பல ஆண்டுகள் கட்டுப்பாட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். ஏனென்றால் கோபுரத்தில் ஒருவர் இருக்கிறார் என்றாலே விமானங்களை அவர் கையால் பிடித்து விலக்கி வைக்கிறார் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்டெனியல் அமெரிக்க முறைப்படி "டி" வகை வான்வெளி. அங்கே கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானங்களுக்கிடையே வானில் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டாளர் பிரித்து வைப்பதில்லை. ஓடுபாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவதும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வதும்தான் அவர் வேலை. பார்த்து விலகும் பொறுப்பு விமானிகளுடையது. பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகளில் ஒரே நேரத்தில் இறக்குவதற்கும் விதி இருக்கிறது: ஒற்றை எந்திரச் சிறு விமானங்கள் இரண்டென்றால் மையக்கோடுகளுக்கிடையே 300 அடி போதும், இரட்டை எந்திர புரொப்பெல்லர் விமானங்களுக்கு 500 அடி, மற்றவற்றுக்கு 700 அடி. ஆக, விதிப்படி அன்று இடைவெளியில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த விதி, இரண்டு பேரும் தத்தம் கோட்டில் நிற்பார்கள் என்று நம்பி எழுதப்பட்டது. கோட்டுக்கு வந்து சேரும் அந்தத் திருப்பத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இரண்டாவது, எனக்கு மனத்தை உறுத்தும் விஷயம். அன்று இரண்டு ஓடுபாதைகளையும் இரண்டு கட்டுப்பாட்டாளர்கள் இரண்டு தனித்தனி அலைவரிசைகளில் கவனித்தார்கள். நெரிசலான நிலையங்களில் இது வழக்கம். ஒரே அலைவரிசையில் எல்லோரும் பேசினால் ஒருவர் குரல் மீது மற்றவர் குரல் விழும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே அலைவரிசை என்றால், மற்றவருக்குச் சொல்லப்படும் செய்தி எனக்கும் காதில் விழுகிறது. என் பக்கத்துக் கோட்டுக்கு ஒருவர் திரும்பப் போகிறார் என்று யாரும் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அலைவரிசை பிரிந்த இடத்தில் அந்த ஒட்டுக்கேட்பு இல்லை. அப்போது ஒரு பக்கம் சொன்னதை மறுபக்கமும் சொல்லியே ஆக வேண்டும். சிர்ரஸுக்கு மெட்ரோலைனரைப் பற்றிச் சொன்னார்கள். மெட்ரோலைனருக்கு சிர்ரஸைப் பற்றிச் சொல்லவில்லை. அதைத்தான் வாரியம் துணைக் காரணமாக எழுதியிருக்கிறது.

ஓடுபாதை ஓரம் எழுதியது:

ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்தே கேட்கிறேன். மெட்ரோலைனர் விமானிக்குச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் என்ன செய்திருப்பார்? தன் கோட்டில், தனக்குக் கொடுத்த ஓடுபாதைக்கு, நேராக இறங்கிக்கொண்டிருந்தவர் அவர். பக்கத்தில் ஒருவர் வருகிறார் என்று கேட்டதும் யாரும் விலகி ஓடுவதில்லை. துணைக் காரணம் என்பது அறிக்கையில் ஒரு சம்பிரதாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கோபுரத்து ஜன்னல் எழுதியது:

விலகி ஓடியிருக்க மாட்டார். வலப்பக்கம் தலையைத் திருப்பியிருப்பார். அவ்வளவுதான் நான் சொல்வது. நேராக ஓடுபாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிவதே பெரிய உதவி. எங்கே பார்ப்பது என்று சொல்லப்பட்ட விமானி, சொல்லப்படாதவரைவிடப் பல மடங்கு விரைவாகக் கண்டுபிடிப்பார். பார்த்திருந்தால் வேகமாக வரும் ஒன்று திரும்பாமல் வருகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். மோதிய பிறகும்கூட அவர் நினைத்தது எந்திரக் கோளாறு என்று! அதை மறந்துவிட்டுச் சம்பிரதாயம் என்று சொல்லாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவன் எழுதியது:

ஒரு சந்தேகம். 1996இல் டெல்லி அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு, மோதலைத் தவிர்க்கும் கருவி இந்தியாவில் கட்டாயமானது என்று படித்திருக்கிறேன். அந்தக் கருவி இருந்திருந்தால் இது நடந்திருக்காது அல்லவா?

இரட்டை எந்திரம் எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் அந்தக் கருவி பெரிய விமானங்களுக்கும் உயரப் பறப்பதற்கும் உரியது. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அது "ஏறு", "இறங்கு" என்ற கட்டளைகளைத் தானே நிறுத்திக்கொள்ளும். இறங்கப் போகிறவனைத் தரை நோக்கித் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. சிறு விமானங்களில் இன்று அதற்குப் பதிலாக இருப்பது ஏடிஎஸ்-பி. தன் இடத்தை ஒலிபரப்பும் பகுதி அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில் கட்டாயம். மற்றவர்களின் இடத்தைப் பெற்றுக் காட்டும் பகுதி கட்டாயமில்லை. அதை வைத்திருப்பவர்களும் விமான நிலையத்தை நெருங்கும்போது, சுற்றிலும் நாலைந்து விமானங்கள் இருப்பதால் ஓயாமல் எச்சரிக்கிறது என்று ஒலியைக் குறைத்துவிடுவார்கள். நானும் குறைத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

வேகத்தைப் பற்றிய பேச்சுக்குத் திரும்புவோம். அடுத்த ஆண்டிலேயே, 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரு செஸ்னா 152உம் இரட்டை எந்திர செஸ்னா 340உம் மோதி மூவர் இறந்தார்கள். அங்கே கோபுரமே கிடையாது. எல்லோரும் ஒரே அலைவரிசையில்தான் பேசினார்கள். பயிற்சிச் சுற்றில் இருந்த சிறிய செஸ்னாவுக்குப் பின்னால், நேராக இறங்க வந்த 340 அந்தக் கட்டத்துக்குத் தகாத வேகத்தில் வந்தது. நீங்கள் மிக வேகமாக நெருங்குகிறீர்கள், நான் இறங்காமல் மேலே போகிறேன் என்று சிறிய செஸ்னாவிலிருந்து சொல்லும் அளவுக்கு. சென்டெனியலில் ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியாது. வாட்சன்வில்லில் இருவருக்கும் தெரியும். வேகம் மட்டும் இரண்டிலும் பொது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2022 ஜூலை 17 அன்று வடக்கு லாஸ் வேகஸில் நடந்தது வேறு விதம். 30 இடது ஓடுபாதைக்கு அனுப்பப்பட்ட பைப்பர் மாலிபு என்னும் சிறு விமானம், 30 வலதுக்கு நேராகப் போய் நின்று, அங்கே இறங்கிக்கொண்டிருந்த செஸ்னா 172உடன் மோதியது. நால்வர் உயிரிழந்தனர். அங்கே கோடு தாண்டவில்லை, கோடே மாறிப்போனது. அதனால் எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் கட்டுவதும் சரியாகாது.

ஓடுபாதை ஓரம் எழுதியது:

கோபுரத்து ஜன்னல் ஐயா, தலையைத் திருப்பியிருப்பார் என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சம்பிரதாயம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் முதன்மைக் காரணத்தில் என் கருத்து மாறவில்லை.

கணக்குப்பிள்ளையிடம் ஒரு கேள்வி. வேகமாக வந்துவிட்டார், கோடு நெருங்குவது தெரிகிறது என்றால், சாய்வைக் கூட்டி வட்டத்தைச் சுருக்கியிருக்கலாமே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சுருக்கலாம். 140 நாட்டில் வந்து, 95 நாட்டில் வருபவரின் அதே 420 மீட்டர் வட்டத்தில் திரும்ப வேண்டுமானால் சாய்வு 51 பாகை வேண்டும். அந்தச் சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் விமானம் தன் எடையைப் போல 1.6 மடங்கைச் சுமக்கிறது. இறக்கை தாங்கும் திறனை இழந்துவிடும் வேகம் கால் பங்குக்கும் மேல் உயர்கிறது. 140 நாட்டில் அதற்கு இடமிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தரைக்கு அருகே செங்குத்தாகச் சாய்ந்து, மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கவும் முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு விபத்து அறிக்கைகளில் பஞ்சமில்லை. பயிற்றுநர்கள் 30 பாகைக்கு மேல் சாயாதே என்று மாணவர்களிடம் தலைப்பாடாகச் சொல்வது அதனால்தான். சாய்வைக் கூட்டி மீள முயல்வது, கோடு தாண்டும் ஆபத்தைக் கொடுத்துவிட்டுச் சுழன்று விழும் ஆபத்தை வாங்கிக்கொள்வது.

மலையடிவாரம் எழுதியது:

அப்படியானால் கோட்டைத் தாண்டப் போகிறோம் என்று தெரிந்த பிறகு செய்யக்கூடியது என்ன? என் பயிற்றுநர் ஒரு பதில் சொன்னார், இங்கே பெரியவர்களின் கருத்தையும் கேட்க விரும்புகிறேன். இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும், ஆனால் பக்கத்து ஓடுபாதையின் பக்கம் சாயாமல், வந்த பக்கத்துக்கே திரும்பியபடி ஏற வேண்டும் என்றார்.

கோபுரத்து ஜன்னல் எழுதியது:

சரியாகச் சொல்லியிருக்கிறார். அதோடு, ஏறத் தொடங்கியதும் வானொலியில் உடனே சொல்லிவிடுங்கள். காரணமெல்லாம் பிறகு, "மேலே போகிறேன், வலப்பக்கம்" என்ற மூன்று சொல் போதும். எதிர்பாராத இடத்தில் ஒரு விமானம் ஏறுவதைக் கோபுரத்திலிருந்து பார்க்கும்போது எங்களுக்கு முதலில் வரும் கேள்வி, அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதுதான்.

மலையடிவாரம் எழுதியது:

நன்றி ஐயா. இப்போதெல்லாம் டவுன்விண்டில் ஓடுபாதையின் முனைக்கு நேராக வந்ததும் வேகமானியைப் பார்த்து எண்ணை வாய்விட்டுச் சொல்கிறேன். பேஸுக்குத் திரும்பும் முன் மறுபடியும் சொல்கிறேன். நேற்று "105" என்று சொன்னேன். பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் நேராகவே போய், 90க்கு வந்த பிறகுதான் திரும்பினேன்.